உத்தரவுக்குக் காத்திருந்த மரம்

எங்கிட்ட இருக்கிற மூணு மெஷினும் சின்னது, அதுல எனக்கு வெக்கம் ஒண்ணும் கிடையாது. பெரிய பெரிய பொக்லைன் வச்சிருக்கிறவனெல்லாம் மெயின் ரோட்டுலயே நின்னு, "வண்டி உள்ள வராதும்மா, செவுத்த இடிச்சுக் குடுத்தா வரேன்"னு சொல்லிட்டுப் போற சந்துக்குள்ளதான் என் பொழப்பு. மரம் அறுக்க ஒரு ரம்ப மெஷின், அறுத்த அடிக்கட்டைய மண்ணுக்குக் கீழ ஒரு சாண் ஆழம் வரைக்கும் தூளாக்க ஒரு பல்லுச்சக்கர மெஷின், இழுக்க கொள்ள மூணடி அகலத்துல ஒரு குட்டிப் பொக்லைன், இவ்வளவுதான் ஆஸ்தி. என் பேரு கோமளவல்லி, பட்டுக்கோட்டைப் பக்கம் வந்து மெஷின் கோமளான்னு கேட்டாப் போதும். மரம் எடுக்கணும்னு யாரு கூப்பிட்டாலும் நான் மொதல்ல மரத்தப் பாக்க மாட்டேன், டேப்ப எடுத்து வாசலத்தான் அளப்பேன். மரத்தோட சுத்தளவப் பாத்து மெஷின் எடுத்துக்கிட்டுப் போனவன் சந்து முனையில நிப்பான், வழியோட அகலத்தப் பாத்து எடுத்துக்கிட்டுப் போனவதான் கொல்லைக்குப் போய்ச் சேருவா.

அப்படித்தான் செக்கடிச் சந்துல மங்கையர்க்கரசி வீட்டு வாசல அளந்தேன். சந்து ஆறடி, கரண்டு கம்பம் நிக்கிற முடுக்குல நாலடி, கொல்லைக் கதவு மூணடி நாலு அங்குலம், நம்ம குட்டிக்குப் போதும். இட்லி மாவு அரைச்சு விக்கிறவ மங்கையர்க்கரசி. கொல்லையில நின்ன தூங்குமூஞ்சி மரத்தோட வேரு சமையக்கட்டுத் தரைய ஒடைச்சுக்கிட்டு வந்து கிரைண்டரையே ஒரு பக்கமாத் தூக்கிருச்சாம், அரைக்கிற மாவெல்லாம் ஓரமா வழியுதாம், மழைக்கு முன்னாடி மரத்த எடுத்துக் குடுங்கன்னா. சரின்னேன்.

மரம் அவளுக்கு மட்டும் சொந்தமில்ல. அப்பன் வீட்டை அண்ணனும் தங்கச்சியும் நடுவுல செவுரு வச்சுப் பிரிச்சுக்கிட்டாங்க, அந்தச் செவுரு கொல்லையில இந்த மரத்துக்கிட்ட வந்து நின்னுருச்சு, அதுக்கப்புறம் கெழக்க இருக்கிற காலி மனை ரெண்டு பேருக்கும் பொது. வடக்குப் பாதியில இருக்கிறது அண்ணன் திருஞானம், கடைத்தெருவுல ஜெராக்ஸ் கடை. ரெண்டு பேரும் பேசிப் பதினோரு வருஷம். பேசலைன்னா, ஒருத்தர் தும்முனா இன்னொருத்தர் டிவி சத்தத்தக் கூட்டுற மாதிரிப் பேசல.

எங்க தொழில்ல ஒரு வழக்கம் உண்டு. ரம்பம் மரத்துல படுறதுக்கு முன்னாடி, மரத்துக்குச் சொந்தக்காரங்க வந்து அடிமரத்துல கைய வச்சு, "போயிட்டு வா"ன்னு சொல்லணும். வீட்டுலேர்ந்து கெளம்புற ஆளுக்குச் சொல்ற மாதிரி வாய் நெறையச் சொல்லணும், வெறும் "போ" கூடாது. எத்தனை பேருக்குச் சொந்தமோ அத்தனை பேரும் சொல்லணும். அதுதான் மரத்துக்கு உத்தரவு. மங்கையர்க்கரசி வந்தா, கைய வச்சா, கண்ணத் தொடச்சுக்கிட்டுச் சொன்னா. திருஞானம் கடையில கூட்டமா இருக்கேன்னு நான் மரத்தப் போட்டோ எடுத்து, "நாளைக்கு அறுக்கிறோம், உத்தரவு வேணும்"னு போன்ல அனுப்பினேன். அந்தாளு கட்டைவிரல் படம் ஒண்ண அனுப்பிச்சாரு. ரம்பம் பிடிக்கிற அந்தோணிசாமி இருபது வருஷமா எங்கூட இருக்கிற மனுஷன், அவரு கேட்டாரு, "ரெண்டு பேரும் சொல்லியாச்சாக்கா?" நான் ஆச்சுன்னேன். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இம்புட்டும்.

கெழக்க விழுற மாதிரி அந்தப் பக்கம் ஆப்பு வடிவுல வெட்டிக் காடி போட்டு, பின்பக்கமா அறுத்து, ரம்பம் இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் வந்துருச்சு, ஆனா மரம் விழல. சாயவும் இல்ல. அடிக்கட்டையிலேர்ந்து ஒரு முழம் மேல எழும்பி, கெளை எல தேன்கூடு காக்காக்கூடு எல்லாத்தோடயும் அந்தரத்துல அப்படியே நின்னுச்சு. அந்தோணிசாமி ரம்பத்த அணைச்சுட்டு அந்த இடைவெளியில கைய விட்டு வீசிப் பாத்துட்டு, "ஒருத்தரு சொல்லலக்கா"ன்னாரு. தெருவே வந்து பாத்துச்சு. லைன்மேன் வந்து அண்ணாந்து பாத்து, "கம்பியில படலையே, அப்பச் சரி"ன்னுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. கிராம நிர்வாக அலுவலர் வந்தாரு, அவரு பாரத்துல நிக்கிற மரம், விழுந்த மரம்னு ரெண்டு கட்டந்தான் இருந்துச்சு, ரெண்டுக்கும் நடுவுல கோட்டு மேலயே ஒரு டிக் போட்டுட்டுப் போனாரு. சாயங்காலம் ஆறு மணிக்கு மரம் வழக்கம்போல எலைய மடிச்சுத் தூங்கிருச்சு.

காத்தடிச்சா கொஞ்சம் நகருதேன்னு, என் பொக்லைன்ல கம்பியச் சுத்தி இழுக்கிற வின்ச்சு ஒண்ணு உண்டு, அதோட கம்பிய எடுத்து மரத்தோட இடுப்புல கட்டி, பொக்லைன மனையில கெழக்க நிறுத்திட்டேன். மாடு கட்டுற முளைக்குச்சி மாதிரி என் மெஷின் அங்க நிக்க வேண்டியதாப் போச்சு. போட்ட வேலையப் பாதியில விடக் கூடாதுன்னு மறுநாள் அடிக்கட்டையயும் அரைச்சேன். மொதல்ல சுத்தித் தோண்டிக் கல்லு பொறுக்கினோம், ஒரு கல்லு பட்டாப் பல்லு போச்சு. குடிதண்ணிப் பைப்பு எங்க போகுதுன்னு பாத்துச் சுண்ணாம்புக் கோடு போட்டோம், அப்புறம் சக்கரத்த நேரா அழுத்தாம எடமும் வலமுமா ஆட்டி ஆட்டி அங்குலம் அங்குலமாச் சீவி எறக்கினோம். தலைக்கு மேல முழு மரமும் நிக்க, அதோட அடிக்கட்டைய அது கண்ணு முன்னாலேயே தூளாக்கினவ இந்த ஒலகத்துல நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். அந்தத் தூள மங்கையர்க்கரசி கருவேப்பிலைச் செடிக்குப் போட்டா, கிரைண்டர் தரையில ஒக்காந்துச்சு, எனக்கு ஒரு டம்ளர் காப்பி குடுத்தா.

அடிக்கட்டை போன கனம் குறைஞ்சுதோ என்னவோ, மரம் நாளுக்கு நாலு விரற்கடை மேல போச்சு. ரெண்டு வாரத்துல ஆள் குனியாம கீழ போயிட்டு வர்ற ஒசரம் வந்துருச்சு. அப்புறம் பாக்கணுமே செக்கடிச் சந்து ஆளுங்கள! வேரும் இல்ல, கட்டையும் இல்ல, தடுக்கி விழ ஒண்ணும் இல்ல, வெறும் நெழலு மட்டும் இருக்குன்னா யாரு விடுவா? இஸ்திரி வண்டிக்காரரு மொதநாளே வண்டியத் தள்ளிக்கிட்டு வந்துட்டாரு, பொம்பளைங்க நெழல்ல வடாம் காயாதுன்னு தெரிஞ்சும் அங்கயே வடாம் போட்டுட்டு ஒக்காந்து பேசினாங்க, மகளிர் குழுக் கூட்டம் அங்கதான் நடந்துச்சு, எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கணும்னு பாதி ஊரு மரத்துக்குக் கீழ ஸ்கூட்டர் ஓட்டிப் பழகுச்சு, கல்யாணம் நிச்சயமான ஜோடிங்க போட்டோக்காரனோட வந்து மரத்தத் தலைக்கு மேல ஒத்தக் கையால தாங்குற மாதிரி நின்னு படம் எடுத்துக்கிட்டாங்க, கீழ நின்னு மூணு தடவ அண்ணாந்து பாத்தா கழுத்து வலி போயிடும்னு யாரோ கெளப்பிவிட அதுக்கு ஒரு தனி வரிசை நின்னுச்சு. ஆயுத பூசைக்கு என் பொக்லைனுக்குச் சந்தனம் குங்குமம் வச்சு மாலை போட்டதும் அவங்கதான்.

எனக்கு வயிறு எரிஞ்சுது. ஒரத்தநாட்டுல ஒரு தென்ன மரம், பேராவூரணியில ஒரு முருங்கை, பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி ஒரு பட்டுப்போன வேம்புன்னு கூப்பிடுறாங்க, மெஷின் எங்கன்னா மரத்தக் கட்டி வச்சிருக்குன்னு சொல்ல முடியுமா? நேராத் திருஞானம் கடைக்குப் போனேன்.

"அண்ணே, வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கண்ணே. தப்பு எம்மேலதான். கட்டைவிரல நம்பிட்டேன்."

அவரு ஜெராக்ஸ் மெஷின் மூடியத் தூக்கி ஒரு ஆதார் அட்டைய வச்சு மூடினாரு. "வரேன்மா. மரம் இப்ப அவ பக்கந்தானே நிக்குது? அவ வாசல்ல நான் எப்படி வர்றது? கூப்புடச் சொல்லு."

"நான் கூப்புடுறேனே, போதாதா?"

"நீ எங்கூடப் பொறந்தவளா?"

அங்கேர்ந்து மங்கையர்க்கரசிகிட்டப் போனேன். அவ மாவ அளந்துக்கிட்டே சொன்னா, "அவரு மரத்துக்கு அவரு வர நான் எதுக்குக் கூப்புடணும்? பதினோரு வருஷத்துக்கு முன்னாடி போன்ல கூப்பிட்டேன். வந்தாரா?"

விஷயம் இதுதான். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி அவ பொண்ணு இசைவாணிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில ஒக்கார வச்சுத்தான் குத்தணும். ஒரே செவுருதானே, அவரு நம்ம அண்ணன்தானேன்னு இவ போன்ல சொல்லிட்டா. தாய்மாமன நேர்ல வந்து அழைக்காமப் போன்லயா சொல்றதுன்னு அவரு சீர்த்தட்டையெல்லாம் அடுக்கி வச்சுக்கிட்டு அழைக்க ஆள் வரட்டும்னு அந்தப் பக்கம் ஒக்காந்திருந்தாரு. அண்ணன் வரட்டும்னு இவ இந்தப் பக்கம் நின்னா. நல்ல நேரம் போயிருச்சு, கடைசி நிமிஷத்துல புருஷனோட சித்தப்பா மடியில ஒக்கார வச்சுக் குத்திட்டாங்க. அன்னைக்கோட பேச்சு நின்னுச்சு. என்ன ஜென்மங்கடா இதுகன்னு எனக்கு ஆத்திரமா வந்துச்சு, நான் மட்டும் என்ன யோக்கியம், நானும் போன்லதானே உத்தரவு கேட்டேன்னு வாய மூடிக்கிட்டேன்.

தெரு ஆளுங்க வேற என்கிட்ட ரகசியமா வந்தாங்க. "அக்கா, அவங்கள எதுக்குச் சேத்து வைக்கிறீங்க? சேந்துட்டா மரம் விழுந்துரும்ல?" இஸ்திரிக்காரரு என் ரெண்டு சேலையச் சும்மாவே தேச்சுக் குடுத்தாரு. எனக்குச் சேலையா வேணும், மெஷின் வேணும்யா!

ஐப்பசி கடைசியில புயல் வருதுன்னாங்க. வெள்ளிக்கெழமை மத்தியானம் கரையக் கடக்குமாம். அதுக்குள்ள மரம் ஓட்டு ஒசரத்துக்கு எழும்பியிருந்துச்சு, வடகெழக்குக் காத்து கொஞ்சம் வீசினாலே தென்மேக்கச் சாஞ்சு மங்கையர்க்கரசி சமையக்கட்டுக்கு மேல போய் நின்னுக்கும். அவ வீடு நாட்டு ஓடு. அவ ஒலகமே அந்தச் சமையக்கட்டுத்தான், அந்தக் கிரைண்டர்தான், புருஷன் சிங்கப்பூர்ல என்ன செய்றாருன்னு அவருக்கே தெரியாது. மரத்த அவுத்து விடலாமான்னா அது எங்க போய் யாரு தலையில எறங்கும்னு யாருக்குத் தெரியும்? அங்க வச்சே உத்தரவு குடுத்தா வீட்டு மேலதான் விழும். மனைக்கு இழுத்துக்கிட்டு வந்து, ரெண்டு பேரும் சேந்து சொன்னாத்தான் வழி. வியாழக்கெழமையே ரெண்டு வீட்டுக்கும் போய்க் கெஞ்சினேன், திட்டினேன், கையெடுத்துக் கும்பிட்டேன். ரெண்டும் மலை மாதிரி ஒக்காந்திருந்துதுங்க.

வெள்ளிக்கெழமை காலைல ஒம்போது மணிக்கே காத்து ஊளையிட ஆரம்பிச்சிருச்சு. மரம் கம்பிய முறுக்கிக்கிட்டு வீட்டு மேல போச்சு, என் பொக்லைனோட முன்பக்கம் ஒரு சாண் எழும்பிருச்சு. நான் ஏறி ஒக்காந்து வின்ச்ச ஓட்டினேன். ஒரு அடி இழுத்தா காத்து அரை அடிய வாங்கிக்கிட்டுப் போகுது. "யாராச்சும் ஏறுங்கய்யா, கனம் வேணும்!"னு கத்தினேன். இத்தன நாளும் நெழல்ல ஒக்காந்து சுகம் கண்ட தெரு ஓடி வந்துச்சு, அத மட்டும் கொறை சொல்ல முடியாது. இஸ்திரிக்காரரு, லைன்மேன், டிக் போட்ட பாரத்தோட கிராம நிர்வாக அலுவலரு, ஸ்கூட்டர் பழகினவங்க, கழுத்து வலிக்காரங்க எல்லாம் பொக்லைன் மேலயும் அதோட கையிலயும் தொங்கினாங்க. அப்பவும் ஒரு கெளை ஓட்டு மேல விழுந்து நாலு ஓடு பொடியாப் போச்சு. மங்கையர்க்கரசி உள்ள கிரைண்டரக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தா. வெளிய வாடின்னு நான் போட்ட சத்தத்துல வந்தா.

வந்தவ மரத்த நிமிந்து பாத்தா, ஒடைஞ்ச ஓட்டப் பாத்தா, மழையில அப்படியே நடந்தா. கொல்லை வழியாப் போனா அண்ணன் வீட்டுப் பின்வாசல் பத்து எட்டுல வந்துரும். அவ அப்படிப் போகல. முன்பக்கமா வெளிய வந்து, சந்துல எறங்கி, சுத்திப் போய், அவரு முன்வாசல்ல நின்னா. பின்னாடியே ஓடின அந்தோணிசாமிதான் எங்கிட்டச் சொன்னாரு.

"அண்ணே, வாங்க"ன்னாளாம். வேற ஒண்ணும் சொல்லலையாம்.

கதவு ஒடனே தொறந்துச்சாம். திருஞானம் சலவைச் சட்டை, வேட்டி, கையில கொடையோட நின்னாராம். "விடிஞ்சதுலேர்ந்து கெளம்பித்தான் ஒக்காந்திருக்கேன்"னாராம்.

அந்தக் கொடை ரெண்டு நிமிஷத்துல காத்தோட போயிருச்சு. ரெண்டு பேரும் கொல்லைக்கு வந்து சேரவும் நான் மரத்த எறக்கி மனைக்குள்ள கொண்டாரவும் சரியா இருந்துச்சு. அடிமரம் ஆள் ஒசரத்துக்கு எறங்கி, எனக்குப் பத்தடி மேக்க வந்து நின்னுச்சு. வின்ச்சுப் பிரேக்கு தேஞ்சு போச்சு, லிவர நான் கையால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். கைய எடுத்தா மரம் திரும்ப ஓட்டு மேல. அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. நாங்க போட்ட காடி கெழக்கப் பாத்துப் போட்டது, உத்தரவு கெடைச்சதும் மரம் கெழக்கதான் விழும், கெழக்க இருக்கிறது நானும் என் மெஷினும். கம்பிய அவுத்துட்டு ஓட்டிக்கிட்டுப் போகவும் வழியில்ல, கம்பி விறைச்சு நிக்குது.

இந்த நேரத்துல அந்த ரெண்டு ஜென்மமும் அடிமரத்துல கைய வச்சுக்கிட்டு என்ன பண்ணுச்சுங்கன்னு நினைக்கிறீங்க? சண்டை!

"காதுகுத்துக்கு நீங்க வரல."

"நீ அழைக்கல."

"போன்ல சொன்னேனேண்ணே!"

"நடுவுல ஒரு செவுரு. அதச் சுத்தி வர ஒனக்குக் காலு இல்ல? பட்டு வேட்டியக் கட்டிக்கிட்டு, சீர்த்தட்ட முன்னாடி வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் ஒக்காந்திருந்தேன்டி."

"நான் வாசல விட்டு நகரவே இல்ல. இப்ப வந்துருவாரு, இப்ப வந்துருவாருன்னு..."

"யோவ்!"னு கத்தினேன் நான். "தாயே! எம்மேல மரம் நிக்குது! கை மரத்துப் போச்சு! அப்புறமாச் சண்டை போடுங்க!"

யாரு கேட்டா? திருஞானத்துக்குக் கொரலு ஒடைஞ்சு போச்சு. "புள்ளைக்குக் காது குத்தறப்ப அழுதுச்சு பாரு, அது எனக்குச் செவுத்துக்கு இந்தப் பக்கம் கேட்டுச்சு. ரெண்டு காதுக்கும் ரெண்டு தடவ. வெறும் மடியத் தடவிக்கிட்டு ஒக்காந்திருந்தேன் மங்கை."

அவ அதுக்கு அழுதா பாருங்க ஒரு அழுகை, பொக்லைன்ல தொங்கின லைன்மேனும் அழுதாரு. "நான் வந்து கூப்பிட்டிருக்கணும்ணே"ன்னா. "கூப்புடாமலே நான் வந்திருக்கணும்"னாரு அவரு. மழையும் காத்தும் ஒரே அடியா அடிக்குது, எனக்கும் கண்ணுல தண்ணி, அது மழையா அழுகையான்னு பாக்கக்கூட ஒரு கை ஒழியல.

எல்லாரையும் எறங்கி ஓடச் சொன்னேன். அந்தோணிசாமி வந்து தன்னோட துண்ட லிவருல சுத்தி இறுக்கிக் கட்டினாரு. "பத்து எண்ற வரைக்கும் தாங்கும்க்கா"ன்னாரு. நான் ஒரு தடவ மெஷினப் பாத்தேன். ஒம்போது வருஷமா என்னையும் என் வீட்டையும் தூக்கிச் சுமந்த மெஷின், ஆயுத பூசைச் சந்தனம்கூட இன்னும் முழுசாப் போகல. அங்க அவ ஓட்டு வீடு. கட்டைவிரல நம்பினது அவ இல்லையே, நாந்தானே. குதிச்சு ஓடினேன்.

"சொல்லித் தொலைங்க!"

ரெண்டு பேரும் ஒண்ணாச் சொன்னாங்க. "போயிட்டு வா."

எல்லா எலையும் பட்டப்பகல்ல ஒரு தடவ மடிஞ்சுது. அப்புறம் மரம், எந்த மரமும் விழுற மாதிரி, சடசடன்னு கெழக்க விழுந்துச்சு. பொக்லைன் இருந்த எடத்துல பொக்லைன் இல்ல. இஸ்திரிக்காரரு, "இனிமே நெழலுக்கு எங்க போறது?"ன்னு கேட்டாரு, எல்லாரும் என்னை முறைச்சாங்க. சாயங்காலம் காத்து அடங்கினதும் நான் அந்தோணிசாமியோட ஸ்கூட்டர்ல வீட்டுக்குப் போய்க் கதவச் சாத்திக்கிட்டு அழுதேன். யாருக்காக இப்படிச் செஞ்சேன்னு என்னையே திட்டிக்கிட்டு அழுதேன்.

மறுநாள் காலைல எங்க வாசல்ல ஒரு பழைய மொபட் வந்து நின்னுச்சு. திருஞானம் ஓட்டிக்கிட்டு வந்திருந்தாரு, பின்னாடி மங்கையர்க்கரசி. போன் பண்ணாம ஏழு கிலோமீட்டர் வந்திருக்காங்க. சண்டை மட்டும் நிக்கல, பிள்ளையார் கோவில்கிட்ட எடது பக்கம் திரும்பச் சொன்னதா வலது பக்கம் திரும்பச் சொன்னதான்னு அப்பவும் நடந்துக்கிட்டிருந்துச்சு.

"மரம் கெடக்கு, எடுக்கணும். நீங்கதான் வரணும்"னு சொன்னாங்க.

"எதை வச்சு எடுக்கிறது? அந்தச் சந்துக்குள்ள போற ஒரே மெஷின் அந்த மரத்துக்கு அடியில கெடக்கு"ன்னேன்.

ரெண்டு பேரும் ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்தாங்க. "நாங்க கோடாலி பிடிக்கிறோம்"னாரு திருஞானம். "மெஷின் முழுசா வெளிய வர்ற வரைக்கும் கடையத் தொறக்கப் போறதில்ல. அப்புறம் அத நிமித்துறதுக்கும் நாங்கதான்."

"அவருக்குக் கோடாலி பிடிக்கத் தெரியாது"ன்னா மங்கையர்க்கரசி.

"இவளுக்குத் தெரியுமாம்."

அவ்வளவு துக்கத்துக்கு நடுவுலயும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ரம்பத்த எடுத்துக்கிட்டு வெளிய வந்தேன், மூணு பேரு இதுல எப்படிப் போறதுன்னு கேட்டேன். மங்கையர்க்கரசி அண்ணன் முதுகோட ஒட்டி நகந்து ஒக்காந்து, பின்னாடி ஒரு சாண் எடம் விட்டா.

"ஏறுங்கக்கா"ன்னா.